பட்டாவுல இல்லாத பங்கு

"உங்க பக்கம் பெரிய டவுன்ஷிப் வருதாமே, இப்பவே ஒரு மனை போட்டு வைக்கலாமா?" சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்டுடறாங்க. விலை ஏறுமா இறங்குமான்னு சொல்ல நான் புரோக்கர் இல்லீங்க. மறைமலை நகருக்குக் கொஞ்சம் தள்ளி ரெண்டரை ஏக்கர் வச்சிருக்கிற ஆள். ஆனா பெரிய நகரம் ஒண்ணு வந்தா ஒரு பகுதி என்ன ஆகும்ங்கறதுக்கு எங்க பக்கத்துலயே ரெண்டு உதாரணம் இருக்கு. ஒண்ணு அரசாங்கம் கட்டினது, இன்னொண்ணு கம்பெனி கட்டினது. அதுக்கும் முன்னாடி, இந்த மண்ணை யார் எப்படிக் கணக்கு வச்சிருந்தாங்கங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம்னு சொல்லுவாங்க. இந்தச் சீமை 1763ல ஆற்காட்டு நவாப் கிட்ட இருந்து கும்பெனிக்கு ஜாகீரா போச்சு. வரி வசூல் பண்ணணும்னா ஊரோட கணக்கு தெரியணும் இல்லையா? தாமஸ் பர்னார்டுங்கற இஞ்சினியர் 1767ல இருந்து 1774 வரைக்கும் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கருங்க ஓலையில எழுதின தமிழ்க் கணக்கும் அப்ப எடுத்ததுதான். அறிஞர் தரம்பால் அதைத் தேடி வெளியே கொண்டுவந்தார். திருப்போரூர்க் கணக்கு புத்தகமாவே வந்திருக்கு.

அந்தக் கணக்குல பார்க்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. களத்துல நெல்லு அடிச்சுக் குவிச்சதும் மொத்தமும் நிலக்காரன் வீட்டுக்குப் போகாது. ஏரி மராமத்துக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, காவல்காரனுக்கு, கொல்லர், தச்சர், வண்ணாருக்குன்னு பங்கு பங்கா அளந்து போகும். அப்ப நிலம்னா ஒருத்தர் சொத்து இல்லை, அது மேல பல கை இருந்துச்சு. 

அதுக்காக அது பொற்காலம்னு சொல்ல வரலை. சேத்துல இறங்கி வேலை செஞ்ச ஜனங்களுக்குக் கிடைச்சது கடைசிப் பிடி நெல்லுதான், நிலம் கிடையாது. இதே செங்கல்பட்டுல கலெக்டரா இருந்த திரமென்ஹீர், அந்த ஜனங்க நிலைமையைப் பத்தி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதுல இருந்துதான் 1892ல பஞ்சமி நிலம் கொடுக்கற உத்தரவு வந்துச்சு. அந்த நிலமும் நிறைய இடத்துல கை மாறிப் போச்சு. காரணையில பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பின போராட்டத்துல 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்தாங்க.

ரயத்துவாரி முறை வந்தப்பவே கணக்கு சுருங்கிப் போச்சு. பட்டாவுல யார் பேரோ, நிலம் அவர்து, வரியும் அவர்து. மத்த பங்கெல்லாம் காகிதத்துல இருந்து மறைஞ்சுது. ஆனா வயல்ல மறையல. எங்க அப்பா காலம் வரைக்கும் களத்துமேட்டுல நீர்க்கட்டிக்கும் வண்ணாருக்கும் முறத்துல அளந்து போட்டுட்டுத்தான் மூட்டை கட்டுவாங்க. அதை நானே பார்த்திருக்கேன்.

இப்ப முதல் நகரத்துக்கு வருவோம். சென்னை பிதுங்குதுன்னு 1970கள்ல முதல் மாஸ்டர் பிளான் போட்டாங்க. நெரிசலைக் குறைக்க திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, மறைமலை நகர்னு மூணு துணை நகரம் வரணும்னு அதுல இருந்துச்சு. காட்டாங்கொளத்தூர் பக்கத்து கிராமங்களோட நிலத்துல, ஜிஎஸ்டி ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் ஒட்டினாப்புல, தனித்தமிழ் இயக்கத்து மறைமலையடிகள் பேர்ல ஊர் பிறந்துச்சு. அங்கே வீட்டு விலாசத்துல என்ஹெச்-1, என்ஹெச்-2ன்னு போடுவாங்க. வெளியூர்க்காரங்க நேஷனல் ஹைவேன்னு நினைச்சுக் குழம்புவாங்க. அது நெய்பர்ஹுட், அதாவது குடியிருப்புப் பகுதியோட நம்பர். வீடு, பள்ளிக்கூடம், கடை, தொழிற்பேட்டை எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்ங்கறதுதான் திட்டம். இப்ப விளம்பரத்துல வர்ற 'இன்டகிரேட்டட் டவுன்ஷிப்'புக்கு இது அண்ணன்.

ஆனா வரைபடம் வந்த வேகத்துல ஜனம் வரலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல கல்லு நட்ட மனைங்கள்ல வேலிகாத்தான் தான் குடியிருந்துச்சு. 1985ல காட்டாங்கொளத்தூர்ல எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி, 1990கள் கடைசியில ஃபோர்டு கார் கம்பெனின்னு வந்த பிறகுதான் ஊர் நிறைஞ்சுது. 2011 கணக்கெடுப்புல நகராட்சி ஜனத்தொகை 80 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அப்புறம் 2021 செப்டம்பர்ல ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப் போறேன்னு சொல்லிச்சு, 2022 ஜூலையில கடைசி கார் வெளியே போச்சு. திரும்ப வர்றோம்னு 2024ல விருப்பக் கடிதம் கொடுத்தாங்க. நடுவுல இருந்த காலத்துல டீக்கடை, மெஸ், வாடகை வீடுன்னு அதை நம்பி இருந்தவங்க பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும். மழை பொய்ச்சா அடுத்த பட்டம்னு ஒண்ணு இருக்கும். கம்பெனி பொய்ச்சா மாடி வீட்டுக்கு வாங்கின கடன் அப்படியேதான் நிக்கும்.

ரெண்டாவது நகரம் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, பரனூர் டோல்கேட்டுப் பக்கம் இருக்கிற மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. மஹிந்திராவும் அரசோட டிட்கோவும் கூட்டு. 2002ல தொடங்கினாங்க. சுமார் 1,500 ஏக்கர். சிறப்புப் பொருளாதார மண்டலம், இன்ஃபோசிஸ், பி.எம்.டபிள்யூ., அடுக்குமாடி, பள்ளிக்கூடம், கடைங்கன்னு எல்லாம் ஒரே வளாகத்துக்குள்ள. உண்மையைச் சொல்லணும்னா, ரோடும் மரமும் பார்க்க நல்லாத்தான் இருக்கு. எங்க பக்கத்துப் பிள்ளைங்க பல பேருக்கு அங்கே வேலை கிடைச்சிருக்கு. காலையில கம்பெனி பஸ் உத்திரமேரூர், மதுராந்தகம் வரைக்கும் போய் ஆள் ஏத்திட்டு வருது.

ஆனா ரெண்டு நகரத்துலயும் ஒரே கேள்விதான் நிக்குது. நிலத்துக்குக் காசு வந்துச்சு, பட்டா இருந்தவருக்கு வந்துச்சு. நாத்து நட்ட பொம்பளைங்களுக்கு? வாரத்துக்கு உழுதவருக்கு? மேய்க்கால் புறம்போக்குல ஆடு ஓட்டினவருக்கு? அவங்க பேர் எந்தக் காகிதத்துலயும் இல்லை. மேய்க்கால் அரசாங்க நிலம்தானேன்னு சுலபமா கை மாறிடும். மேய்க்க இடம் இல்லாம எங்க தெருவுலயே ஆடு வித்தவங்க ஆறு குடும்பம். அவங்க வீட்டுப் பொம்பளைங்க இப்ப ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போறாங்க, கான்ட்ராக்ட்ல. முன்னே கூலி குறைச்சல், சரிதான். ஆனா அறுப்பு முடிஞ்சா வீட்டுல நெல்லு இருந்துச்சு.

பட்டாவுல வராத இன்னொண்ணு தண்ணி. ஏரிக்குப் பட்டா இல்லை, அதனால யாரும் சட்டப்படி அதை வாங்க முடியாது. ஆனா அதுக்குத் தண்ணி கொண்டுவர்ற நிலத்தை வாங்கலாம். மேல ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்கு, அங்கேருந்து அதுக்கடுத்த ஏரிக்குன்னு சங்கிலி மாதிரி போறதுதான் எங்க பகுதி. நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர் வந்து வரத்துக்கால் திரும்பிப் போச்சுன்னா, மேல உள்ளவன் முழுகுவான், கீழ உள்ளவன் காய்வான். தெற்கே வழியற தண்ணி கொளவாய் ஏரி, நீஞ்சல் மடுவுன்னு பாலாத்துக்குப் போகும். வடக்கே நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர்னு இறங்கி அடையாறுல சேரும். 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகினதை டி.வி.யில பார்த்திருப்பீங்க. அந்த வெள்ளத்துல இந்த ஏரிங்க தண்ணியும் உண்டு. எங்க பக்கம் வரத்துக்கால் மேல எழும்பற சுவர் உங்க வீட்டு ஹாலுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

பட்டா இல்லாதவங்களைச் சட்டம் ஒரு தடவை நினைச்சுப் பார்த்துச்சு. 2013ல வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டம், அந்த நிலத்தை நம்பி மூணு வருஷம் பிழைச்ச கூலிக்காரரையும் குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம்னு சேர்த்துச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி யார் யாருக்கு என்ன பாதிப்புன்னு ஊர்ல வந்து ஆய்வு பண்ணணும்னும் சொல்லிச்சு. ஆனா தமிழ்நாட்டுல தொழிலுக்கு நிலம் எடுக்கத் தனியா 1997ல ஒரு சட்டம் இருக்கு. அதுக்கு விலக்கு கொடுத்துத் திருத்தம் வந்துச்சு. 2019ல உயர் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிச்சு, அதே வருஷம் சட்டசபை அதுக்குத் திரும்ப உயிர் கொடுத்துச்சு, 2021ல உச்ச நீதிமன்றம் செல்லும்னு சொல்லிடுச்சு. இழப்பீடு கணக்கு புதுச் சட்டப்படிதான். ஆனா முன்கூட்டியே ஊரைக் கேக்கற அந்த ஆய்வு கட்டாயம் இல்லை. கம்பெனி நேரடியா கிரயம் பண்ணினா இன்னும் சுலபம். விக்கறவரும் வாங்கறவரும் பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா முடிஞ்சது.

2022ல சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 ஆக்கிட்டாங்க. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர்ல திறந்தாச்சு. நகரம் வரக்கூடாதுன்னு நான் சொல்லப் போறதில்லை, சொன்னாலும் நிக்காது. நிலம் விக்கறவங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன். பொண்ணு கல்யாணமும் ஆஸ்பத்திரிச் செலவும் நெல்லு விலையில அடங்கறதில்லை.

நான் கேக்கறது இவ்வளவுதான். மனை வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் பார்க்கறீங்க, பட்டா பார்க்கறீங்க. அதோட அந்த சர்வே நம்பருக்கு அ-பதிவேட்டையும் பாருங்க, இ-சேவை தளத்துலயே கிடைக்கும். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கான்னு அதுல இருக்கும். கிராம வரைபடத்துல வாய்க்கால் எங்கே போகுதுன்னு பாருங்க. அப்புறம் அந்த ஊருக்கு ஒரு தடவை நேர்ல வந்து, டீக்கடையில உக்காந்து, "இந்த இடத்துல மழைக்காலத்துல தண்ணி எந்தப் பக்கம் போகும், முன்னே யார் பயிர் வச்சாங்க, அவங்க இப்ப எங்கே"ன்னு கேளுங்க. பெரியவங்க யாராவது சொல்லுவாங்க. டவுன்ஷிப்புக்கு அனுமதி கொடுக்கறவங்களும் இதே கேள்வியைக் கேட்டா ரொம்ப நல்லது. 

சொர்ணவாரிக்கு நாத்து விட்டாச்சு. தண்ணி பத்துமான்னு அடுத்த தடவை எழுதறேன்.