ஆற்காட்டு ரூபாயும் முர்ஷிதாபாத்தும்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கடைக்கே வந்து கேட்டுவிட்டார்கள். நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். கரியாஹாட்டில் முப்பத்தெட்டு வருஷமாக ஆரணிப் பட்டுப் புடவை விற்றுக்கொண்டிருப்பவன். கடை அடைப்பு நாட்களில் அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகங்களைப் புரட்டுவது ஒன்றுதான் எனக்குள்ள பொழுதுபோக்கு. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதையும், சென்ற டிசம்பரில் பேரனோடு முர்ஷிதாபாத் போய் வந்ததில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் காளிகாட், தக்ஷிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவாலயம் என்று ஒரு சுற்று. நாலு நாள் லீவு சேர்ந்தால் பூரி அல்லது டார்ஜிலிங். சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே, வங்காளம், பீகார், ஒரிசா மூன்றையும் ஆண்ட தலைநகரம் ஒன்று கிடக்கிறது. லேக் மார்க்கெட்டில் நம்மவர்களிடம் விசாரித்தால் பத்துப் பேரில் ஒருவர் போயிருந்தால் அதிகம். நானே இத்தனை வருஷம் கழித்துத்தானே போனேன்!

சித்பூரில் இருக்கிற கொல்கத்தா ஸ்டேஷனிலிருந்து காலையில் ஹஜார்துவாரி எக்ஸ்பிரஸ். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரனும் நானும் மட்டும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற நம் சமண வழக்கத்துக்காக வீட்டில் புளிச்சோறும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊரைச் சுற்ற ஒரு டோட்டோ பேசிக்கொண்டோம். ஓட்டிய பையன் என்னை 'தாது' என்றே கூப்பிட்டான். வங்காளத்தில் தாத்தாவுக்கு அதுதான் சொல்.

எல்லாரும் பார்ப்பது ஹஜார்துவாரி அரண்மனை. ஆயிரம் வாசல் என்று பெயர். அதில் நூறு வாசல் சுவரில் செய்த பொய் வாசல். 1829-இல் தொடங்கி 1837-இல் முடித்த கட்டடம், திட்டம் போட்டவர் மக்லியாட் என்ற ஆங்கில எஞ்சினியர். ஆட்சி கையை விட்டுப் போய் அறுபது, எழுபது வருஷம் ஆனபின், உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த நவாப் கட்டிய மாளிகை அது. அதைப் பார்த்துவிட்டுத் தலைநகரைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையான தலைநகரத்துக்கு அடையாளம் கட்ரா மசூதி. ஊரை உண்டாக்கிய முர்ஷித் குலி கான் 1723-24இல் கட்டியது. தன் கல்லறையை வாசல் படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார், தொழ வருகிறவர்கள் காலடி தன்மேல் பட வேண்டும் என்று. தக்காணத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பாரசீகர் ஒருவருக்கு விற்கப்பட்டவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கணக்கில் புலி. வங்காளத்தின் திவானாக டாக்காவில் இருந்தவர், 1704 வாக்கில் வரிக் கச்சேரியைத் தூக்கிக்கொண்டு பாகீரதிக் கரையில் மக்சூதாபாத் என்ற ஊருக்கு வந்தார். தன் பெயரை வைத்தார். கஜானா வந்த இடம் தலைநகரம் ஆயிற்று. அவரோடு டாக்காவிலிருந்து கிளம்பி வந்தவர் மாணிக் சந்த் என்ற ஜைன சாகுகார்.

ஜாபர்கஞ்சில் மீர் ஜாபர் வீட்டு வாசலைக் காட்டினான் டோட்டோப் பையன். அதற்கு ஊரார் வைத்த பெயர் 'நமக் ஹராம் தேவ்டி', அதாவது உப்பிட்டவருக்குத் துரோகம் செய்தவன் வாசல். அப்புறம் மஹிமாபூர் பக்கம் ஜகத் சேட் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, "இவங்களும் அந்தக் கூட்டம்தான் தாது. பணத்துக்காகத் தேசத்தை வித்த ஜைனருங்க" என்றான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. பேரனுக்குத் தெரியுமே! பள்ளிக்கூடத்திலும் மீர் ஜாபர், ஜகத் சேட், உமிசந்த் என்று மூன்று பெயரையும் சேர்த்தே படித்திருக்கிறான். என் கையைப் பிடித்து, "தாத்தா, இவங்க நம்ம ஆளுங்களா?" என்று கேட்டான்.

சட்டென்று என் வாயில் வந்த பதில் இதுதான்: "இல்லடா, அவங்க மார்வாரிலிருந்து வந்த ஓஸ்வால், சுவேதாம்பரர். நாம தமிழ்ச் சமணர், திகம்பரர், நயினார் வீட்டுக்காரங்க." சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னபிறகு எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. இருபது தீர்த்தங்கரர் முக்தி பெற்ற சம்மேத சிகரத்துக்கு, பாரசநாத் மலைக்கு, இவனையும் தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறோம். அந்த மலையை 1752-இல் தில்லி பாதுஷாவிடமிருந்து பெற்றவர் இதே ஜகத் சேட் மஹ்தாப் ராய். அங்கே திருப்பணி செய்தது இந்தக் குடும்பம். மலையில் ஏறும்போது மட்டும் 'நம்மவர்கள்', மஹிமாபூரில் வந்து நின்றால் 'வேறு ஆட்கள்' என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே அவன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே ஆரம்பித்தேன். சேட்டுகளின் பழைய மாளிகையில் பெரும்பகுதியை ஆறு கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது ஒரு சிறிய காட்சிசாலை.

நாகூரிலிருந்து (நம் நாகூர் இல்லை, மார்வாரில் உள்ள நாகௌர்) ஹீரானந்த் சாஹு 1652-இல் பாட்னாவுக்கு வந்தார். அவர் மகன் மாணிக் சந்த். அடுத்து வந்த பதே சந்துக்கு 1723 வாக்கில் பாதுஷா முகம்மது ஷா 'ஜகத் சேட்' என்று பட்டம் கொடுத்தார். உலகத்துச் செட்டியார் என்று நாம் சொல்லலாம். முர்ஷிதாபாத் நாணயச்சாலை இவர்கள் பிடியில் இருந்தது. அந்தப் பிடியின் சூட்சுமம் 'வட்டம்' என்கிற பட்டா. புதிதாக அச்சான சிக்கா ரூபாய் நூறு இருந்தால் கணக்கு ரூபாய் 116. அடுத்த வருஷம் அதே நூறுக்கு 113. மூன்றாம் வருஷத்திலிருந்து 111, பெயரும் 'சனாத்' என்று மாறிவிடும். வெள்ளி குறையவில்லை, மதிப்பு மட்டும் குறையும்! வரி கட்ட வேண்டியது புது சிக்காவில். ஜமீன்தாரானாலும் வெள்ளைக்காரக் கம்பெனியானாலும் பழைய காசையும் வெளியூர்க் காசையும் தூக்கிக்கொண்டு சேட் வாசலுக்கு வந்து வட்டம் கொடுத்து மாற்றித்தான் ஆக வேண்டும். 1717-இல் தில்லியில் பர்மான் வாங்கி வந்த பிறகும் ஆங்கிலேயரை அந்த நாணயச்சாலைக்குள் விடவில்லை.

வெளியூர்க் காசு என்றேனே, அதில் முக்கியமானது எது தெரியுமா? ஆற்காட்டு ரூபாய். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் 1736-இலும் சென்னை ஆங்கிலேயர் 1742-இலும் ஆற்காட்டு நவாபின் அனுமதி பெற்று அவர் ரூபாயையே தங்கள் சாலையில் அடித்தார்கள். காசிம்பஜார் பட்டும் டாக்கா மஸ்லினும் வாங்க அந்த வெள்ளி வங்காளத்துக்கு வந்தது. அதே 1742-இல், நவாப் அலிவர்தி கான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மராட்டியப் படையுடன் மீர் ஹபீப் முர்ஷிதாபாத்துக்குள் புகுந்தான். ஜகத் சேட் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு கோடி ரூபாய் கொண்டுபோனான், அத்தனையும் ஆற்காட்டு ரூபாய் என்று எழுதுகிறார் குலாம் உசேன் கான். அதன்பிறகும் சேட்டுகள் கோடி ரூபாய்க்குத் தரிசன ஹுண்டி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். ஆற்காட்டு ஜில்லாவில் பிறந்த எனக்கு நூலகத்தில் அந்த வரியைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

இனி துரோகத்துக்கு வருவோம். 1756 ஏப்ரலில் பட்டத்துக்கு வந்த சிராஜ் உத் தௌலாவுக்கு வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். மூன்று கோடி திரட்டித் தரச்சொல்லி, முடியாது என்ற மஹ்தாப் ராயைச் சபையில் அறைந்தான் என்பார்கள். அறைந்தது உண்மையோ இல்லையோ, பயம் உண்மை. சேட்டுகள் மீர் ஜாபர் பக்கம் சாய்ந்தார்கள், கிளைவோடு பேசினார்கள். 1757 ஜூன் 23 பிளாசி. ஒரு வாரத்துக்குள் இதே சேட் வீட்டில் கூடித்தான் பங்குக் கணக்குப் பார்த்தார்கள். பாதி உடனே, பாதி மூன்று வருஷத்தில். 700 பெட்டிகளில் வெள்ளி நாணயம் 100 படகுகளில் ஏறி பாகீரதி வழியாகக் கல்கத்தாவுக்குப் போயிற்று. லண்டனைப் போலப் பரந்த ஊர், ஆனால் லண்டனில் இல்லாத அளவு பெரும் பணக்காரர்கள் உள்ள ஊர் என்று முர்ஷிதாபாத்தைப் பற்றிக் கிளைவே சொல்லியிருக்கிறான்.

"அப்ப அவங்க செஞ்சது தப்புதானே தாத்தா?"

தப்புதான் என்றேன். அதோடு, யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு முதன்முதல் கடனுக்குச் சரக்குக் கொடுத்துக் கைதூக்கிவிட்ட மொத்த வியாபாரி ஒருவரை விட்டு, புதிதாக வந்த பெரிய கை ஒருவரோடு சேர்ந்தேன். பழையவர் வாய்த்துடுக்கு. நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தியிருந்தார். எனக்கு அப்போது அது போதுமான காரணமாகப் பட்டது. புதியவர் மூன்றே வருஷத்தில் என்னைத் தாண்டி என் வாடிக்கைக்காரர்களுக்கே நேராகப் புடவை போட ஆரம்பித்துவிட்டார். பழையவர் வாசலுக்குத் திரும்பிப்போக எனக்கு முகம் இல்லை.

சேட்டுகளுக்கு ஆனதும் ஏறக்குறைய அதுதான், நூறு மடங்கு பெரிதாக. 1757 பிப்ரவரி ஒப்பந்தத்திலேயே கம்பெனிக்குக் கல்கத்தாவில் நாணயம் அடிக்கும் உரிமை கிடைத்துவிட்டது. வட்டத்தில் பிழைத்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. தங்கள் கழுத்துக்கான கயிறு அது என்று, அவ்வளவு கணக்குத் தெரிந்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1763-இல் மீர் காசிம், மஹ்தாப் ராயையும் ஸ்வரூப் சந்தையும் கைதிகளாக வைத்திருந்து கொன்றான். 1765-இல் திவானி கம்பெனிக்கு. 1770-இல் பஞ்சம், வங்காளத்தில் மூன்றில் ஒருவர் மாண்டார்கள் என்பது ஹேஸ்டிங்ஸ் போட்ட கணக்கு. 1772-இல் அவரே கஜானாக் கச்சேரியைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். டாக்காவுக்கு முர்ஷித் குலி செய்தது முர்ஷிதாபாத்துக்கு நடந்தது.

நம் ஆற்காட்டுக்கும் அதே கதைதானே. 1751-இல் ஐம்பது நாள் முற்றுகையில் கோட்டையைக் காத்துப் பெயர் வாங்கியவன் இதே கிளைவ். அவனால் நிலைத்த நவாப் முகம்மது அலி, 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கடனில் மூழ்கினார். ஆற்காட்டில் டெல்லி கேட் மட்டும் நிற்கிறது. இந்தக் கல்கத்தாவும் 1911-இல் தில்லியிடம் பட்டத்தைப் பறிகொடுத்த ஊர்தான். பழைய தலைநகரத்தில் உட்கார்ந்துதான் நாம் வியாபாரம் செய்கிறோம்!

மறுநாள் படகில் கோஷ்பாக் போய் சிராஜின் சமாதியைப் பார்த்தோம். அஜிம்கஞ்ச் ஜினாலயத்தில் தரிசனம். பட்டுக்காரன் என்ற முறையில் பாலுசர் புடவைக்குப் பெயர் கொடுத்த ஜியாகஞ்ச் பக்கத்தையும் பார்த்துவிட்டு வண்டி ஏறினோம்.

ரயிலில் என் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த ஆற்காட்டு ரூபாய். முர்ஷிதாபாத்தில் காட்டலாம் என்று எடுத்துப்போய், சேட் வீட்டில் வெளியே எடுக்க மனம் வரவில்லை.

"இதுவும் அந்த ரெண்டு கோடியில இருந்திருக்குமா தாத்தா?"

இருக்காது என்றேன். இதில் பொறித்திருப்பது இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் ஆறாம் ஆட்சியாண்டு, பிளாசிக்குப் பிந்தியது. பாதுஷா போனபிறகும் அதே வருஷத்தைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள், வட்டத்தில் தேயாமல் இருக்க.

"யாரு அடிச்சாங்க?"

"கம்பெனி. அந்தத் தாமரை இருக்கு பார், அது சென்னை முத்திரை."

அவன் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூ நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.