‘ஃபேமஸ்’ என்றால் நல்லவனா? எம்டன் சொல்லும் கதை

ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சொல் ‘ஃபேமஸ்’. மதுரைக்கு ஜிகர்தண்டா ஃபேமஸ், திருநெல்வேலிக்கு அல்வா ஃபேமஸ் என்பார்கள். ‘புகழ்பெற்ற’ என்று பொருள் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை!

இதன் வேர் ‘ஃபாமா’ என்ற லத்தீன் சொல். பேச்சு, வதந்தி என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஃபாமோசஸ்’ என்ற சொல்லை ரோமானியர்கள் பேர் பெற்றவனுக்கும் சொன்னார்கள், பேர் கெட்டவனுக்கும் சொன்னார்கள். ஆங்கிலம்தான் பிற்பாடு நல்லதற்கு ‘ஃபேமஸ்’, கெட்டதற்கு ‘நொட்டோரியஸ்’ என்று பெரும்பாலும் பிரித்துக்கொண்டது. தமிழில் ‘புகழ்’ நல்லதற்கு மட்டுமே. ‘பேர்போன’ அப்படியல்ல. வள்ளலும் பேர்போனவன், திருடனும் பேர்போனவன்!

இதற்கு நல்ல உதாரணம் வடசென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அரை மணி நேரத்துக்குள் 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. சிலர் இறந்தார்கள். பயத்தில் ஏராளமானோர் ஊரைவிட்டே ஓடினார்கள். கப்பலோ வந்த வேகத்தில் இருட்டில் மறைந்துவிட்டது.

அடுத்த நவம்பர் 9-ம் தேதியே கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் எம்டன் தோற்று அழிந்தது. ஆனால் பேர் அழியவில்லை! ‘அவன் சரியான எம்டன்’ என்றால் தமிழில் கில்லாடி, யாருக்கும் அடங்காதவன் என்று அர்த்தமாகிவிட்டது. குண்டு போட்ட எதிரியின் பெயர், குண்டு வாங்கிய ஊரிலேயே பாதி பாராட்டாக மாறியது வேடிக்கைதான். 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயர் இருந்தால்தான் வரிவிலக்கு என்பதால் அது ‘எம் மகன்’ ஆனது.

உயர்நீதிமன்றச் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கப்பலின் பெயர் ஊர் வாயில் இன்னும் இருக்கிறது. அன்று இரவு செத்தவர்களின் பெயரை யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

‘ஃபேமஸ்’ என்ற சொல் அளப்பது பேச்சை மட்டும்தான், தகுதியை அல்ல. அடுத்த முறை யாரையாவது ஃபேமஸ் என்று சொல்லும்போது, எதற்காக என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.