1685-இன் நிழலில் 1727: ஹாண்டெல் தேர்ந்தெடுத்த சொற்கள்

1727-இல் இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு இசையமைப்பாளர் ஹாண்டெல் அமைத்த நான்கு கீதங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு கதையைச் சுற்றியே நடந்துவந்துள்ளன. பாட வேண்டிய வேதவாக்கியங்களை ஆயர்கள் எழுதி அனுப்பினார்களாம். வேதத்தைத் தாம் நன்றாகவே வாசித்திருப்பதாகவும் வேண்டியதைத் தாமே தெரிந்துகொள்வதாகவும் ஹாண்டெல் சினந்து சொன்னாராம். கதையை எழுதியவர் இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி. எழுதியது 1785-இல், விழா நடந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின். அதை நம்பியவர்கள் ஹாண்டெலைச் சுதந்திரக் கலைஞராக்கினார்கள். நம்பாதவர்கள் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். இரு சாராருமே பெரும்பாலும் கீதங்களின் சொற்களை முந்தைய ஒரு முடிசூட்டு விழாவின் சொற்களோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

அப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது ஹாண்டெலின் கடன். நான்கு கீதங்களின் தொடக்க வரிகளும் இரண்டாம் ஜேம்ஸ் முடிசூடிய 1685-ஆம் ஆண்டு ஆராதனையில் இருந்தவை. 1687-இல் பிரான்சிஸ் சாண்ட்ஃபோர்ட் வெளியிட்ட நூலில் அவை அச்சிலும் கிடைத்தன. வழக்கத்தில் இருந்த வேதவாக்கியங்கள் தாமாகவே ஒத்துப்போகலாமே என்பார்கள். நான்கில் ஒன்றான, ஆசாரியன் சாதோக்கு சாலொமோனை அபிஷேகம் செய்ததைச் சொல்லும் வாக்கியத்துக்கு அது பொருந்தும். அரசனுக்கு எண்ணெய் பூசும் நேரத்தில் வேறு எதையும் பாடுவது அரிது. அரசி கரோலினுக்கான கீதத்துக்குப் பொருந்தாது. 45-ஆம் சங்கீதத்தில் தொடங்கும் அந்தக் கீதம், அரசர்கள் வளர்ப்புத் தந்தையராவார்கள் என்னும் ஏசாயா 49:23-இல் முடிகிறது. வேதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் இந்த இரண்டையும் இணைக்கக் காரணமே இல்லை. ஆனால் இரண்டாம் ஜேம்ஸின் அரசி மொடேனா மேரிக்காக ஹென்றி பர்செல் 1685-இல் இசையமைத்த கீதத்தில் இதே இணைப்பு இருக்கிறது. பழைய பாடம் ஹாண்டெலின் கையில் இருந்தது என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

கடனோடு விஷயம் முடிந்திருந்தால் பர்னியின் கதையை மூடிவைத்துவிடலாம். முடியவில்லை. பர்செலின் பாடம் நீளமானது. அரசியின் தோழியர், அரண்மனைப் பிரவேசம், பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. ஹாண்டெல் அதைச் சில வரிகளாகக் குறுக்கினார். குறுக்கிய விதம்தான் கவனிக்கத்தக்கது. சங்கீதத்தின் 10-ஆம் வசனம், மணப்பெண்ணிடம் உன் ஜனத்தையும் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு என்கிறது. பர்செலில் அது இருக்கிறது. அரசன் அவள் அழகை விரும்புவான் என்னும் 11-ஆம் வசனம் இல்லை. ஹாண்டெலில் நேர்மாறு: 9-ஆம் வசனத்திலிருந்து ராஜகுமாரத்திகளைப் புதிதாகச் சேர்த்து, 10-ஐத் தாண்டி, 11-க்குப் போகிறார். மூலத்தில் 11, பத்தாம் வசனத்தின் கட்டளைக்குக் கிடைக்கும் பலனாக வருவது; இங்கே கட்டளை இல்லாமலே பலன் கிடைத்துவிடுகிறது. சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்த ஒருவரின் வேலை இது.

ஏன் அந்த வசனம் நீங்கியது? உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் 1727-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஆன்ஸ்பாக்கில் பிறந்த அரசி மட்டும் இல்லை. அரசனே ஹனோவரில் பிறந்தவன். அப்போதும் அந்நாட்டை ஆண்ட எலெக்டர். தகப்பன் வீட்டை மற என்று அந்தச் சபையில் பாடினால் அது அரசியின் காதோடு நின்றிருக்காது. ஹனோவர் அரசவையில் பணியாற்றிய ஹாண்டெல் இதை உணராமல் இருந்திருப்பார் என்று எண்ணுவதுதான் கடினம். நேரத்தைச் சுருக்கவே அந்த வசனத்தை வெட்டினார் என்ற வாதம் நிற்காது. ஒன்றை நீக்கி இன்னொன்றைச் சேர்த்தால் நேரம் மிஞ்சுவதில்லை. வெட்டியவர்கள் குருமார்களே என்பது இன்னும் கனமான மறுப்பு. அதை ஏற்றால், அவர்கள் கொடுத்த சொற்களை ஹாண்டெல் மறுத்தார் என்ற கதையை முழுதாகக் கைவிட வேண்டும்; இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது.

ஆராதனை ஒழுங்கின் தம் படியில் பேராயர் வில்லியம் வேக் எழுதிவைத்த கசப்பான குறிப்புகளை ஹாண்டெலின் பிடிவாதத்துக்குச் சான்றாகக் காட்டும் வழக்கமும் உண்டு. அன்று இசை முறைதவறிக் குழம்பியது என்று வேக் எழுதியது உண்மை. ஆனால் ஒரு கீதம் பாடப்படாமலே போனதற்கு அவர் குற்றஞ்சாட்டுவது வெஸ்ட்மின்ஸ்டர் பாடகர் குழுவை. சொற்களைத் தேர்ந்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் விடை இல்லை.

பர்னி சொன்ன சினம் நிகழ்ந்ததோ இல்லையோ, தேர்வு நிகழ்ந்திருக்கிறது. அது புதிய வாக்கியங்களைத் தேடியதில் அல்ல, பழைய வரிசைக்குள் ஒரு வசனத்தைத் தாண்டியதில். இனி இக்கீதங்களைப் பதிப்பிப்பவர்கள் 1685-இன் பாடத்தையும் 1727-இன் பாடத்தையும் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட வேண்டும்.