ராணிப்பேட்டை மஞ்சளும் குளோரின் மீட்டரின் ஜீரோவும்

குளோரின் மீட்டரை எப்படி ஜீரோ செய்வது என்று தேடப்போய், நூறு வருஷம் பின்னால் போய் நின்றேன்.

1913ல் அமெரிக்காவில் எல்ம்ஸ், ஹவுசர் என்ற இருவர் ஆர்த்தோடாலிடின் சோதனையைச் செம்மைப்படுத்தினார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளுக்கு எவ்வளவு குளோரின்? ஒப்பிட்டுப் பார்க்க நிறம் மங்காத திரவம் வேண்டும். குளோரின் கரைசல் நிலைத்து நிற்காது. அதனால் அவர்கள் எடுத்துக்கொண்டது பொட்டாசியம் டைகுரோமேட், கூடவே மயில்துத்தம். ஆக, குளோரினுக்கு அளவுகோலாக வைத்த மஞ்சளே குரோமியத்தின் மஞ்சள்தான்.

இதைப் படித்ததும் எனக்கு ராணிப்பேட்டை ஞாபகம்தான் வந்தது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, தோல் பதனிடத் தேவையான குரோம் உப்புகளைத் தயாரித்தது. தொண்ணூறுகளில் மூடிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே குவிந்தது. மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமேட். 2006ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று.

(ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளில் தோலில் ஏற்றுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது வேற. உப்புத்தோல் ஊறிய தண்ணீரில் வருவது குளோரைடு, அதுவும் குளோரின் இல்லை. பேர்தான் கிட்டகிட்ட இருக்கு.)

இன்றைய சென்சாருக்கு இரண்டு புள்ளி வேண்டும். கார்பன் வழியாக வடிகட்டிய, குளோரின் இல்லாத தண்ணீரை ஓடவிட்டு, மின்னோட்டம் அடங்கியதும் ஜீரோ. அடுத்தது, குளோரின் உள்ள தண்ணீரை டி.பி.டி. மருந்தால் சோதித்து, வரும் எண்ணை மீட்டருக்கு ஊட்டுவது. இங்கிலாந்தில் பாலின் 1957ல் கொண்டுவந்த டி.பி.டி. முறையில் குளோரின் இளஞ்சிவப்பு நிறம் தரும். சிக்கல் இங்கேதான்: குரோமேட்டும் அதே சிவப்பைத் தரும். டி.பி.டி. பொய் சொன்னால் சென்சாரும் அதே பொய்யைத் திருப்பிச் சொல்லும். இல்லாத குளோரினை இருப்பதாக நம்பி மருந்தளவைக் குறைத்தால், கிருமியும் சாகாது, குரோமியமும் வயிற்றுக்குள் போகும்.

மருந்து போடாத அதே தண்ணீரை வைத்துப் போட்டோமீட்டரில் ஜீரோ அழுத்துகிறோமே, அது போதாதா? தண்ணீரின் சொந்த மஞ்சள் கழிந்துவிடும். மருந்தோடு சேர்ந்து குரோமேட் உண்டாக்கும் சிவப்பு கழியாது. அதற்கு இன்னொரு குழாயில் பொட்டாசியம் அயோடைடும் சோடியம் ஆர்சனைட்டும் போட்டு முதலில் குளோரினைக் கொல்ல வேண்டும். பிறகு டி.பி.டி. போட்டால் மிஞ்சுகிற சிவப்பு குளோரினுடையது அல்ல. அதைக் கழித்தால்தான் சரியான எண். என் பார்வையில் அந்தக் கிணற்றின் உண்மையான ஜீரோ இதுதான்.

ஆர்சனைட் விஷம். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் கையில் கொடுக்க முடியாது. ஆனால் குளோரின் கலப்பதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை டி.பி.டி. போட்டுப் பார்க்கலாம். குளோரினே படாத தண்ணீர் சிவந்தால், மீட்டரை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரைக் குரோமியம் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.