தாடி ஓணான் வளர்ப்புப் பெட்டியில் ஒளியும் வெப்பமும்: வெயிலைப் பிரித்து வைப்பதன் பிழை

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலங்களுக்கு உரிய பல்லி. அறிவியலில் போகோனா விட்டிசெப்ஸ் எனப்படும் இவ்வினத்தை 1926இல் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல் விவரித்துப் பெயரிட்டார். தமிழ்நாட்டு வேலிகளில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழக்கத்திலும் உறவு தெரிகிறது. பொழுது விடிந்ததும் வேலிக்கம்பத்திலோ பட்டுப்போன மரக்கிளையிலோ ஏறி, முதுகை வெயிலுக்குக் காட்டிப் படுத்து உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே தாடி ஓணான் இரை தேடப் புறப்படுகிறது. உடல் போதிய சூட்டை அடைந்ததும் நிழலுக்கு நகர்கிறது. குளிர்ந்தால் மீண்டும் வெயிலுக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்தால் பகலில் அதன் உடல்வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. பாலூட்டிகள் தம் உள்ளுறுப்புகளால் செய்யும் வேலையை இது இடம்மாறிச் செய்துகொள்கிறது. ‘குளிர் இரத்தப் பிராணி’ என்ற பழைய பாடநூல் சொல் இவ்வகையில் பெரிதும் தவறான எண்ணத்தையே தருகிறது.

இடம் மாறுவதோடு வேறு உத்திகளும் அதனிடம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது முதுகின் நிறம் கருத்து வெப்பத்தை அதிகம் உறிஞ்சுகிறது, சூடேறியதும் வெளிறுகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிறமாற்றத்தை உடற்பகுதி வாரியாக அளந்து காட்டியது. சூடு மிகும்போது வாயைத் திறந்து வைத்து ஈரத்தை ஆவியாக்கித் தலையைக் குளிர்விப்பதும் உண்டு. வெயிலின் அளவை இவ்வளவு நுட்பமாகக் கையாளத் தெரிந்த ஒரு விலங்குக்கு எந்த வெப்பநிலையைத் தரவேண்டும் என்ற கேள்வியே முழுமையானதன்று. தேர்ந்தெடுத்துக்கொள்ளப் போதுமான வீச்சை எப்படித் தருவது என்று கேட்பதே பொருத்தம்.

வளர்ப்புப் பெட்டிகளில் காணப்படும் பெரும்பாலான குறைகளுக்கு மூலம், வெயிலை மூன்று தனிப் பொருள்களாகப் பிரித்து வாங்கும் வழக்கம்தான். வெப்பத்துக்கு ஒரு கருவி, வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, புற ஊதாக் கதிருக்கு மற்றொன்று எனத் தனித்தனியே வாங்கி, இடம் கிடைத்த மூலைகளில் பொருத்துகிறார்கள். கருவி மூன்றாக இருப்பதில் தவறில்லை. ஒரே விளக்கு மூன்றையும் சரிவரத் தருவது அரிது. அவை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே திசையிலிருந்து, ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான காரணம் விலங்கின் தோலுக்குள் நடக்கும் வேதிவினையில் இருக்கிறது.

புற ஊதா-பி கதிர் (280 முதல் 315 நானோமீட்டர்) தோலில் படும்போது அங்குள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் முன்வைட்டமின் டி3 ஆகிறது. இதற்கு ஒளி வேண்டும். முன்வைட்டமின் பின்னர் வைட்டமின் டி3 ஆக மாறுவதற்கு ஒளி வேண்டியதில்லை, வெப்பம் வேண்டும். தோல் குளிர்ந்திருந்தால் இந்த இரண்டாம் படி மந்தமாகிறது. புற ஊதா விளக்கைக் குளிர்ந்த மூலையிலும் வெப்ப விளக்கை எதிர்மூலையிலும் வைத்த பெட்டியில், தொடர்வினையின் இரு பாதிகள் இரு மூலைகளில் கிடக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் நடத்தை சார்ந்தது. ஓணான் பகலின் பெரும்பகுதியைச் சூடான இடத்தை ஒட்டியே கழிக்கிறது. புற ஊதாக் கதிரைத் தேடி அது குளிர்ந்த மூலைக்குப் போய்ப் படுத்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது. வைட்டமின் டி3 குறைந்தால் குடலிலிருந்து கால்சியம் ஏறாது. எலும்பிலிருந்தே உடல் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தாடை மெத்தென்றாவதும், கால்கள் வளைவதும், தசை துடிப்பதும் அதன் அடையாளங்கள்.

உணவில் தூவும் வைட்டமின் பொடி இருக்கையில் கதிர் எதற்கு என்பது வழக்கமான எதிர்வாதம். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓனின்க்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இளம் தாடி ஓணான்களை வைத்து இதைச் சோதித்தனர். நாளுக்கு இரண்டு மணி நேரம் புற ஊதா-பி கதிர் பெற்றவற்றின் இரத்தத்தில் வைட்டமின் டி3இன் வளர்சிதைப் பொருள்கள் இயல்பான அளவை எட்டின. வாய்வழி மட்டும் பெற்றவை அந்த அளவை நெருங்கவில்லை. பொடிக்குத் துணை உணவு என்ற இடம் உண்டு, கதிருக்கு மாற்றாகும் தகுதி இல்லை. மிகையாகக் கொடுத்த பொடி உடலில் தேங்கி நஞ்சாகலாம். தோலிலோ மிகுதியான முன்வைட்டமின் அதே கதிரால் லூமிஸ்டிரால், டாகிஸ்டிரால் போன்ற செயலற்ற பொருள்களாக மாறிவிடுகிறது. இந்தத் தற்காப்பு பொடிக்குக் கிடையாது.

கதிரின் அளவை விளக்கின் பெட்டியில் அச்சிட்ட விழுக்காட்டைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. 2010இல் கேரி ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் ஊர்வன தம் வாழிடத்தில் எவ்வளவு கதிரை ஏற்கின்றன என்பதைக் களத்தில் அளந்து, அவற்றை நான்கு மண்டலங்களாக வகுத்தனர். தாடி ஓணான் பொதுவாக மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்படுகிறது: சராசரிப் புற ஊதாச் சுட்டெண் 1.0 முதல் 2.6 வரை, வெயில் காயும் இடத்தில் அதைவிடக் கூடுதல். நடைமுறையில், ரிஃப்ளெக்டருடன் கூடிய வலுவான டி5 குழல்விளக்கு, முதுகுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெயில் காயும் இடத்தில் சுட்டெண் 3 முதல் 5 வரை கிடைக்கும். குழல் பெட்டியின் நீளத்தில் பாதியளவு இருந்து, சூடான பக்கத்தில் தொடங்கி நடுவோடு முடிய வேண்டும். அப்போதுதான் மறுபாதி உண்மையான நிழலாகும். இடையில் கம்பிவலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடக்கூடும். சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். ஆதலால் சன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டியில் விழுவது கதிர் இல்லாத வெயில், அதோடு தொட்டியை அடுப்பாக்கிவிடும் வெயில். குழலின் வெளிச்சம் கண்ணுக்கு மாறாமல் தெரிந்தாலும் கதிர் மாதந்தோறும் தேய்கிறது. சுட்டெண் அளக்கும் கருவி இருந்தால் அளந்து மாற்றலாம்; இல்லையேல் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும்.

குழலை மேலேதான் பொருத்த வேண்டும் என்பதற்கும் வலுவான காரணம் உண்டு. தாடி ஓணானின் புருவ மேடு மேலிருந்து வரும் வெயிலிலிருந்து கண்ணை மறைக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் கதிருக்கு அந்த மறைப்பு இல்லை. 290 நானோமீட்டருக்கும் குறைந்த அலைகளை உமிழ்ந்த சில விளக்குகளால் ஊர்வனவற்றின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டதாகப் பதிவுகள் உள்ளன.

வெப்பத்திலும் இதே தர்க்கம் செல்லும். சூரியனின் வெப்பத்தில் பெரும்பங்கு குறு அலை அகச்சிவப்பு. அது தோலைக் கடந்து தசை வரை இறங்கும். பீங்கான் வெப்ப உமிழியும் தரைவிரிப்பு ஹீட்டரும் தருவது நெடு அலை. அது மேற்தோலிலேயே நின்றுவிடும். இழை விளக்குகளில் ஹாலோஜன் சூரியனுக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. சூடான பாறையில் வயிற்றை வைத்துப் படுப்பதும் இயற்கைதானே என்று கேட்கலாம். இயற்கைதான், ஆனால் அந்தப் பாறையைச் சூடாக்கியது மேலிருந்து வந்த வெயில். மின்கம்பி பதித்த ‘வெப்பக் கல்’ அப்படியன்று. சுற்றிலும் குளிராக இருக்கையில் ஓணான் அதன்மேல் வெகுநேரம் படுத்திருக்கும். வயிறு வெந்த விலங்குகள் மருத்துவரிடம் வருவது இதனால்தான்.

ஹாலோஜன் விளக்கின் ஒளிக்கற்றை எவ்வளவு அகலமானது என்பது வாட் எண்ணைவிட முக்கியம். வளர்ந்த ஓணான் வாலோடு 45 முதல் 55 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குறுகிய கற்றை முதுகில் ஓர் உள்ளங்கை அகலத்தைச் சுட்டுவிட்டு, மற்ற உடலைக் குளிர்ந்தபடியே விட்டுவிடும். உடல் சூடேறாததால் விலங்கு நகராது, சுடும் இடம் மேலும் சுடும். வலிய விளக்கு ஒன்றுக்குப் பதிலாக அகலக் கற்றையுள்ள இரண்டு விளக்குகளை அருகருகே தொங்கவிடுவது நல்லது. வெயில் காயும் பரப்பு 40 முதல் 43 டிகிரி வரையும், எதிர்மூலையின் காற்று 22 முதல் 26 டிகிரி வரையும் இருக்கலாம். பரப்பின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியாலும் காற்றின் வெப்பத்தைச் சாதாரண வெப்பமானியாலும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரே விளக்கின் கீழ் கருங்கல்லும் மரக்கட்டையும் ஒரே அளவைக் காட்டா. விளக்கோடு இணைக்கும் தெர்மோஸ்டாட் டிம்மர் வகையாக இருக்க வேண்டும்; அணைத்து அணைத்து எரியும் வகை, வெயிலில் படுத்திருக்கும் விலங்குக்கு நிமிடத்துக்கு நிமிடம் மேகம் கவிவதைப் போன்றது. இந்த வீச்சு முழுவதும் அடங்க 120 சென்டிமீட்டர் நீளமாவது தேவை. சிறிய தொட்டியில் எந்த விளக்கைப் போட்டாலும் எங்கும் ஒரே சூடுதான்.

இரவில் எல்லாம் அணைய வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜனவரிப் பகலின் சராசரி உச்சம் 36 டிகிரி, ஜூலை இரவின் சராசரித் தாழ்வு 4 டிகிரி. இரவுக் குளிர் இவ்விலங்குக்குப் புதிதன்று. அறை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர்களில் மட்டும் ஒளி உமிழாத பீங்கான் ஹீட்டருக்கு வேலை உண்டு. சிவப்பு விளக்கு ஓணானின் கண்ணுக்குப் புலப்படாது என்று சொல்லி விற்கப்படுகிறது, அது உண்மையன்று. ஃபிராங்க்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் 2016இல் நடந்த ஆய்வில், உறங்கும் தாடி ஓணானின் மூளையில் மெதுஅலை உறக்கமும் விரைவிழி உறக்கத்தை ஒத்த நிலையும் ஏறத்தாழ 80 நொடிச் சுழற்சியில் மாறி மாறி வருவது கண்டறியப்பட்டது. இப்படிப்பட்ட உறக்கத்துக்கு முழு இருளைத் தருவதே நியாயம்.

பகல் நீளத்தை டைமர் கவனித்துக்கொள்ளும்: கோடையில் 13 முதல் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10 முதல் 11. மாற்றத்தை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். காலையில் வெப்ப விளக்கும் குழலும் சேர்ந்தே எரியவேண்டும். முதல் இரையைச் சூடேறிய பிறகே தரவேண்டும். கடைசி இரைக்கும் விளக்கணைப்புக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடவேண்டும், குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காமல் கிடக்கும்.