காசு கொடுத்து வாங்கிய கேமும் பாட்டும் உண்மையிலேயே உங்களுடையதா? டிஜிட்டல் பூட்டு பற்றி ஒரு விளக்கம்

'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்திவிட்டது. அத்தோடு அந்த கேம் முடிந்தது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. தனியாக ஓட்டி விளையாடக்கூட வழியில்லாமல் போனது. அலமாரியில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான்.

"நான் அந்த கேமை விளையாடினதே இல்லையே, எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிற பெரும்பாலான கேம்களும் பாடல்களும் இதே மாதிரியான ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. அது எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, காசு கட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் நின்று பார்ப்போம்.

டி.ஆர்.எம். என்றால் என்ன?

'டிஜிட்டல் உரிமை மேலாண்மை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.ஆர்.எம். எளிமையாகச் சொன்னால், ஃபைலுக்குப் போடும் பூட்டு. பாட்டோ கேமோ உங்கள் கருவியில் இருக்கும். ஆனால் திறக்கும் சாவி விற்றவரிடம் இருக்கும். ஒவ்வொரு முறையோ அவ்வப்போதோ 'இவர் காசு கட்டியவர்தானா?' என்று விற்றவரின் சர்வரிடம் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே ஃபைல் திறக்கும்.

இந்தப் பூட்டு பல வடிவங்களில் வரும். சில கேம்களை இத்தனை கம்ப்யூட்டரில்தான் நிறுவலாம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். சில கேம்கள், தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் இருந்தால்தான் ஓடும். சில உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முடியாது. பாட்டு ஆப்களில் 'டவுன்லோட்' செய்தது அந்த ஆப்பைத் தவிர வேறெங்கும் பாடாது.

நிறுவனங்கள் ஏன் பூட்டுகின்றன?

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் ஃபைலை நகலெடுக்கச் செலவே கிடையாது. பல ஆண்டு உழைப்பில் உருவான கேம், வெளியான அன்றே திருட்டுப் பதிப்பாகச் சுற்றினால் இழப்பு உண்மையானது. முதல் சில வாரங்களில்தான் விற்பனை அதிகம் என்பதால், அந்தக் காலத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள்.

சரி, அந்தக் காலம் முடிந்த பிறகு? 2016 மே மாதம் வெளியான 'டூம்' கேமில் டெனுவோ என்ற பூட்டு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதை நீக்கிவிட்டார்கள். மனம் இருந்தால் பூட்டைக் கழற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. பெரும்பாலான கேம்களில் அப்படி நடப்பதில்லை என்பதுதான் வாடிக்கையாளரின் குறை.

பாட்டு விற்பனையில் என்ன நடந்தது?

2005-ல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் தனது சில இசை சி.டி.க்களில் ஒரு மென்பொருளைச் சேர்த்திருந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் அந்த மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதை வெளிப்படுத்தினார். அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தும் வைரஸ்களும் வரத் தொடங்கின. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் சி.டி.க்களைத் திரும்பப் பெற்றது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருட்டுத்தனமாக எம்.பி.3 இறக்கியவருக்கு இந்தத் தொல்லை வரவில்லை. கடைக்குப் போய் காசு கொடுத்து சி.டி. வாங்கியவருக்குத்தான் வந்தது.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003-ல் தொடங்கியது. அதில் விற்ற பாடல்களுக்கும் பூட்டு இருந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய ஒரு பகிரங்கக் கடிதத்தில் ஒரு கணக்கைச் சொன்னார்: 2006-ல் உலகம் முழுக்க ஆன்லைன் கடைகள் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டு இசை நிறுவனங்களே சி.டி. வழியாகப் பூட்டு இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் அதிகம். ஒரு கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு மட்டும் பூட்டு எதற்கு என்பதுதான் வாதம். 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் பாடல்கள் அனைத்துக்கும் பூட்டை நீக்குவதாக ஆப்பிள் அறிவித்தது. ஆனால் ஏற்கனவே வாங்கிய பாடலைப் பூட்டு இல்லாததாக மாற்றிக்கொள்ள, ஒரு பாட்டுக்கு 30 சென்ட் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

கடை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலாவது, மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். மியூசிக். கடையை மூடிய பிறகு, 2008 ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தகவல் வந்தது. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு, வாங்கிய பாட்டுகளுக்குப் புதிய கம்ப்யூட்டரில் அனுமதி கொடுக்கும் சர்வர் இயங்காது என்பதே அது. அதாவது கம்ப்யூட்டர் மாற்றினால் பாட்டு போச்சு. எதிர்ப்பு எழுந்ததால் 2011 வரை நீட்டித்தார்கள்.

இரண்டாவது, நம் நாட்டில் நடந்தது. ஃபிளிப்கார்ட் 2012-ல் 'ஃப்ளைட்' என்ற பாட்டுக் கடையைத் தொடங்கியது. பாடல்களைப் பூட்டு இல்லாத எம்.பி.3 ஆக விற்றது. தொழில் லாபகரமாக இல்லாததால் 2013-ல் மூடிவிட்டது. ஆனால் டவுன்லோட் செய்து வைத்தவர்களின் பாடல்கள் எங்கும் போகவில்லை. அந்த ஃபைலைப் பத்திரமாக வைத்திருப்பவர் இன்றைக்கும் எந்தக் கருவியிலும் கேட்கலாம்.

இரண்டு கடையும் மூடியவைதான். ஒன்றில் வாடிக்கையாளர் கையில் பொருள் மிஞ்சியது, இன்னொன்றில் அந்தரத்தில் நின்றது. வித்தியாசம் பூட்டு மட்டுமே.

அப்போ கேமில் மட்டும் ஏன் பூட்டு போகவில்லை?

வாடிக்கையாளர்கள் சண்டை போட்ட இடங்களில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2008-ல் வந்த 'ஸ்போர்' கேமை மூன்று கம்ப்யூட்டரில்தான் நிறுவலாம் என்றார்கள். அமேசான் தளத்தில் வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திர விமர்சனமாகக் குவித்ததும், எண்ணிக்கை ஐந்தாக உயர்ந்தது. 2013 மார்ச்சில் வெளியான 'சிம்சிட்டி', தனியாக விளையாடவும் இன்டர்நெட் கேட்டது. சர்வர்கள் நெரிசலில் திணறியதால், வாங்கியவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. ஓராண்டு கழித்து இன்டர்நெட் இல்லாமலும் விளையாட வழி செய்தார்கள்.

அதே 2013 ஜூனில், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் சரிபார்க்கும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கட்டுப்பாடு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கடும் எதிர்ப்பால் அந்த மாதமே பின்வாங்கியது. பழைய டிஸ்க்கை விற்று, அந்தக் காசில் அடுத்த கேம் வாங்குவது நம் ஊர்களிலும் இருக்கிற பழக்கம். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் அதுவும் சிக்கலாகியிருக்கும்.

ஆனால் டிஸ்க்கே இல்லாமல், கணக்கில் வாங்கும் கேம்களுக்கு அந்த வழி கிடையாது. ஸ்டீம் போன்ற கடையில் நூறு கேம் வாங்கினாலும் ஒன்றைக்கூட விற்க முடியாது. அந்தக் கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் விதிமுறை அனுமதிப்பதில்லை. அப்பாவின் இசைத்தட்டுகள் பிள்ளைக்கு வரும்; அவருடைய ஸ்டீம் நூலகம் முறைப்படி வராது.

பூட்டு இல்லாவிட்டால் தொழில் நடக்காதா? போலந்தைச் சேர்ந்த ஜி.ஓ.ஜி. கடை 2008 முதல் பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. 2015-ல் 'தி விட்சர் 3' முதல் நாளிலேயே அங்கே பூட்டு இல்லாமல் கிடைத்தது. எல்லாக் கடைகளையும் சேர்த்து அந்த கேம் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அதன் நிறுவனம் 2023-ல் தெரிவித்தது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு இது பொருந்துமா?

இங்கே நீங்கள் கட்டுவது சந்தா. வாடகை என்று தெரிந்தே கட்டுகிறோம் என்பதால், ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாடகை என்பது நினைவில் இருக்கட்டும். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உரிமப் பேச்சு முறிந்தபோது, பல ஹிந்திப் பாடல்கள் ஆப்பிலிருந்து காணாமல் போயின. ரெஸ்ஸோ ஆப் 2024 ஜனவரி 31-உடன் இந்தியாவில் நின்றது. விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட், ஆப் போனால் கூடவே போய்விடும்.

ஆப்பில் செய்யும் 'டவுன்லோட்' கூட தற்காலிகம்தான். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைனுக்கு வராவிட்டால், இறக்கி வைத்த பாடல்கள் பாடாது.

'வாங்கு' என்று எழுதுவது சரியா?

பிரச்னையின் மையம் இதுதான். லைசென்ஸ் கொடுப்பது தவறில்லை. லைசென்ஸை 'வாங்கு' என்ற பட்டனின் பின்னால் ஒளித்து, முழு விலைக்கு விற்பதுதான் தவறு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது லைசென்ஸ்தான் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக டவுன்லோட் செய்து ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தனது பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பைச் சேர்த்தது.

'தி க்ரூ' மூடப்பட்ட பிறகு யூட்யூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் இன்னொரு கோரிக்கையை வைக்கிறது. சர்வரைக் காலம் முழுக்க ஓட்டச் சொல்லவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் நடத்திய கையெழுத்து முயற்சி 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது.

இது முடியாத காரியமும் அல்ல. ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடிய கூகுள், கேம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2024-ல் வெளியாகி இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்ட 'கான்கார்ட்' கேமுக்கு சோனியும் முழுப் பணத்தைக் கொடுத்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல் முக்கியம். அமெரிக்காவின் 1998-ம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதையே தடை செய்கிறது. நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. முறையாகப் பெற்ற கம்ப்யூட்டர் புரோகிராம் அழிந்துவிடாமல் இருக்க ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளவும் 52-வது பிரிவு இடம் தருகிறது. அதற்காகத் திருட்டுப் பதிப்பு இறக்கலாம் என்று அர்த்தமில்லை. கடையின் விதிமுறையை மீறினால் அவர்கள் உங்கள் கணக்கை முடக்கவும் கூடும்.

'வாங்கு' பட்டனுக்கென்று கலிஃபோர்னியா போலத் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் பொருள்களையும் இ-காமர்ஸில் சேர்க்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பே முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. அதை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புதலும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காசு கட்டும் முன் என்ன பார்க்கணும்?

1. தனியாக விளையாடும் பகுதிக்கும் இன்டர்நெட் கட்டாயமா என்று கேமின் விவரப் பக்கத்தில் பாருங்கள். டி.ஆர்.எம். விவரமும் பல கடைகளில் அங்கேயே இருக்கும்.

2. அதே கேம் பூட்டு இல்லாத கடையில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், நிறுவும் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வையுங்கள். டவுன்லோட் செய்யாவிட்டால் அந்த வசதியால் பயன் இல்லை.

3. உயிருக்கு உயிரான ஆல்பம் என்றால், சந்தாவை மட்டும் நம்பாதீர்கள். சி.டி.யாகவோ பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் பூட்டு இல்லாத ஃபைலாகவோ வாங்கி வையுங்கள்.

4. ரசீது, மின்னஞ்சல், வாங்கிய நாளில் பக்கத்தில் இருந்த வாக்குறுதியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்திருங்கள். புகார் என்று வந்தால் இவைதான் ஆதாரம்.

5. கடைசியாக ஒரு கேள்வி: 'இந்தக் கடை நாளைக்கே மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்?' ஒன்றும் மிஞ்சாது என்றால், அது வாடகை. வாடகைக்கு எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு மட்டும் கொடுங்கள்.

பூட்டே கூடாது என்று வாடிக்கையாளர் கேட்கவில்லை. விற்கும்போது அது லைசென்ஸ் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். கடையைக் கட்டும்போது சாவியையோ பணத்தையோ கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.