குற்றாலச் சாரலும் சிறு விமானமும்

தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். வரிசையாக நிற்கும் மலைகள் ஓரிடத்தில் தாழ்ந்து, கதவு திறந்தாற்போல் தெரியும். அதுவே செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் சாலையும் ரயில்பாதையும் அதில்தான் நுழைகின்றன. குற்றாலத்திற்குச் சாரல் கொண்டுவரும் தென்மேற்குக் காற்றும் அவ்வழியே வீசுகிறது. சிறு விமானத்தில் வருபவருக்கு அழகான வாயில்தான். ஆனால் நம்பக்கூடிய வாயில் அன்று.

இதை விளங்கிக்கொள்ள 1935-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அப்போது தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. அருகிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சமஸ்தானம் தனக்கெனத் தபால் துறை வைத்திருந்தது. அதன் பெயரே ‘அஞ்சல்’. இன்று நாம் எல்லோரும் எழுதும் அதே சொல்!

அந்த அஞ்சலுக்கு விமானம் கிடைத்த கதை சுவையானது. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். மூன்றாண்டுகள் கழித்து, அதே வின்சென்ட் ‘ஃபாக்ஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தில் திருவனந்தபுரம் வந்திறங்கினார். நவம்பர் 1-இல் அது சமஸ்தானத்தின் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. திருவனந்தபுரத்தில் விமானத்தளம் அமைய முன்நின்றவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா. அவரும் விமானம் ஓட்டப் பயின்றவரே.

ஃபாக்ஸ் மாத் மரத்தாலான இரட்டைச் சிறகு விமானம். எஞ்சின் ஏறத்தாழ 130 குதிரைத் திறன். பயணிகள் முன்புறம் மூடிய சிற்றறையில் அமர்வர். விமானி பின்னால் திறந்த இருக்கையில். சாரல் நமக்கு இன்பம். அவருக்கோ முகத்தில் குத்தும் ஊசி.

பம்பாய், கோவா, கண்ணனூர், திருவனந்தபுரம் என்று கடற்கரையை ஒட்டியே வழி சென்றது. தரையைக் கண்ணால் பார்த்து வழி கண்டுபிடித்த காலம் அது. கரை தெரியும்வரை வழி தவறாது. எஞ்சின் நின்றுபோனாலும் இறங்க மணல் இருக்கும்.

அதே விமானம் ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து கணவாய் வழியே திருவனந்தபுரம் செல்ல முயன்றால்? கற்பனைதான், ஆனால் கணக்கு மெய். கீழே சிற்றாறு, குளங்கள், பச்சை வயல்கள். தென்காசிக் கோயிலைக் கண்டு ஊரை அறியலாம் (1990-இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய ராஜகோபுரம் அன்று இல்லை). 1904 முதல் மலையைக் கடந்து ஓடிய ரயில்பாதை துணைக்கு உண்டு. ஆனால் அப்பாதை ஆரியங்காவுக்கு முன்பே குகைக்குள் புகுந்துவிடும். தண்டவாளத்தை நம்பி மேகத்தடியில் தாழ்வாக வந்தவர் எதிரே காண்பது பாறையைத்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அகன்ற வெளியில் வந்த காற்று குறுகிய இடைவெளியில் நுழையும்போது வேகம் கொள்கிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர், எதிர்க்காற்று 50 என்றால், தரையைக் கணக்கிட்டால் 100-தான். போகட்டும், இதனால் தாமதம் மட்டுமே. மலையைத் தாண்டிய காற்று மறுபுறம் அருவிபோல் கீழே சரிவதே கொடியது. தென்மேற்குப் பருவத்தில் தென்காசிப் பக்கம்தான் அந்த மறுபுறம். ஃபாக்ஸ் மாத் முழு விசையில் ஏறினாலும் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான் உயரும். காற்று வினாடிக்கு 4 மீட்டர் இறங்கினால், மூக்கை நிமிர்த்தி ஏறிக்கொண்டே விமானம் ஒன்றரை மீட்டர் கீழிறங்கும்! விமானிக்கு எஞ்சின் பழுதென்றே தோன்றும்.

ஆகவேதான் முகட்டை நேராக அணுகாமல் சாய்வாக அணுகும்படி விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். அப்படி வந்தால், இறங்குகாற்று பிடித்தாலும் சிறிது திரும்பினாலே சமவெளிக்கு மீளலாம். தாழ்ந்த கணவாயின் இருபுறமும் மலை நெருங்கிவிட்டால் திரும்பவும் இடமிராது.

கோதவர்ம ராஜாவின் திருவனந்தபுரத் தளம் இன்று பன்னாட்டு விமான நிலையம். அவர் 1971 ஏப்ரல் 30 அன்று, இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார்.